சார், உங்க பாஸ்வேர்டை எங்கிட்ட சொல்லாதீங்க

இளம் ஊழியர்களோடு வேலை பார்த்த அனுபவத்தைப் பலரும் எழுதியிருக்கிறீர்கள். நானும் ஒன்று சொல்கிறேன். 1986-ல் ஒரு பொதுத்துறை வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, தஞ்சாவூர்ப் பக்கம் கிளை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான்.

வங்கிகளில் இந்த வயது இடைவெளி கொஞ்சம் வேறு மாதிரி. தொண்ணூறுகளில் ஆள் எடுப்பது ஏறக்குறைய நின்றே போனது. 2000-01-ல் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. நாற்பது வயதோ பதினைந்து வருட சர்வீஸோ ஆகியிருந்தால் போகலாம் என்றார்கள். பொதுத்துறை வங்கிகளிலிருந்து சுமார் ஒரு லட்சம் பேர் போனார்கள். நான் இருந்த கிளையில் ஐந்து பேருக்கு ஒரே நாளில் மாலை போட்டு அனுப்பினோம். அப்புறம் பல வருடம் புது முகமே கிடையாது. நாற்பத்தைந்து வயதிலும் கிளையில் நான்தான் சின்னப் பையன். 2011-ல் வங்கிகளுக்கு ஆள் எடுக்கிற ஐ.பி.பி.எஸ். பொதுத் தேர்வு தொடங்கிய பிறகுதான் பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். அவர்களுக்கு இருபத்து மூன்று, எங்களுக்கு ஐம்பது. நடுவில் முப்பத்தைந்து வயது ஆள் ஒருவர்கூட இல்லை. அண்ணன்மார் யாரும் இல்லாத வீடு மாதிரி ஆகிவிட்டது. பெரியவர் சொல்வதைப் பையனுக்குப் புரிய வைக்கவும், பையன் சொல்வதைப் பெரியவரிடம் பக்குவமாகக் கொண்டு போகவும் ஆள் இல்லை. பாதிச் சண்டைகள் அதனால் வந்தவை என்பது என் எண்ணம்.

2015 ஜூன் மாதம். பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், நகைக் கடனுக்குக் கூட்டம் தள்ளுகிறது. கவுண்டரில் விருதுநகர்ப் பக்கத்துப் பையன் ஒருவன், பி.இ. மெக்கானிக்கல் படித்துவிட்டு கிளார்க்காக வந்தவன். அவன் போட்ட என்ட்ரியை நான் என் ஐ.டி.யில் பாஸ் செய்தால்தான் பணம் கொடுக்க முடியும். நானோ லாக்கர் அறையில் ஒரு குடும்பத்தோடு மாட்டிக்கொண்டிருந்தேன். ஒரு அம்மா மகளின் கல்லூரி ஃபீஸுக்காக வளையலை வைத்துவிட்டு ஒரு மணி நேரமாக நிற்கிறார். அதனால் கதவருகே வந்து, "தம்பி, என் ஐ.டி.யில் நீயே போட்டுடு, பாஸ்வேர்டு சொல்றேன்" என்றேன்.

அவன் எழுந்து நின்றான். "சார், உங்க பாஸ்வேர்டை எங்கிட்ட சொல்லாதீங்க. நீங்க வர்ற வரைக்கும் அவங்களை உட்காரச் சொல்றேன்" என்றான். நாற்காலி எடுத்துப் போட்டு, தண்ணீரும் கொடுத்தான்.

குரலில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. ஆனால் நகை மதிப்பீட்டாளர், வாடிக்கையாளர்கள் எல்லோர் முன்னாலும் சொன்னது எனக்குச் சுருக்கென்று தைத்தது. உன்னை நம்பித்தானே சொல்ல வந்தேன், அதை வேண்டாம் என்கிறாயே என்ற கோபம். மூன்று நாள் அவனிடம் வேலை விஷயம் தவிர எதுவும் பேசவில்லை.

நான்காம் நாள் சாப்பாட்டு நேரத்தில் அவனே வந்தான். "சார், நாளைக்கு அந்தக் கணக்குல ஏதாவது பிசகு வந்தா, நீங்க செய்யலைன்னு எப்படி நிரூபிப்பீங்க? நான் செய்யலைன்னு நான் எப்படி நிரூபிப்பேன்?" என்று கேட்டான். பதில் சொல்ல முடியவில்லை. நான் லெட்ஜர் எழுதிய காலத்தில் ஒவ்வொரு என்ட்ரிக்கும் பக்கத்தில் அதிகாரியின் இனிஷியல் இருக்கும். யாருடைய கோணல் கோடு யாருடையது என்று கிளைக்கே தெரியும். என் இனிஷியலை வேறு ஒருவர் போட்டிருந்தால் அன்று நான் சும்மா இருந்திருப்பேனா? பாஸ்வேர்டும் அந்த இனிஷியல்தானே. இது எனக்குத் தோன்றவே இல்லை. மறுநாள் காலை எல்லோரையும் கூப்பிட்டு, இனி யாரும் யாருக்கும் பாஸ்வேர்டு சொல்லக் கூடாது, நான் உட்பட, என்றேன். முதலில் எடுத்துச் சொன்னது அவன்தான் என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

அவன் மேல் எனக்கு இருந்த இன்னொரு குறை, கேஷ் டேலி ஆனதும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான். அன்றைய மொத்தக் கணக்கான டே புக் டேலி ஆகாமல் ஒருவரும் வீட்டுக்குப் போகாத காலத்தில் வளர்ந்தவன் நான். அந்தக் குறை தீர்ந்தது 2016-ல். நவம்பர் 8 இரவு ஐந்நூறு, ஆயிரம் ரூபாய்த் தாள் செல்லாது என்று அறிவிப்பு, 10-ம் தேதி கிளை திறந்தபோது வரிசை பெட்ரோல் பங்க் தாண்டி நின்றது. அன்று இரவு ஒன்பதரைக்கு கேஷில் 9,000 ரூபாய் குறைந்தது. குறைந்தால் கேஷியர் கைக்காசுதான் போக வேண்டும். அவன் முகம் வெளிறிவிட்டது. கட்டுகளை மூன்று முறை எண்ணிவிட்டான்.

"ஒன்பதால வகுத்துப் பாரு தம்பி" என்றேன். வித்தியாசம் ஒன்பதால் மீதியில்லாமல் வகுபட்டால் பெரும்பாலும் இலக்கம் இடம் மாறியிருக்கும். லெட்ஜர் காலத்தில் சீனியர்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்தது அது. இருவரும் தரையில் உட்கார்ந்து சலான்களைப் பிரித்தோம். பத்தே முக்காலுக்குக் கிடைத்தது. ஒரு ரைஸ்மில்காரர் கட்டியது 45,000, ஐந்நூறு ரூபாய்த் தாள் தொண்ணூறு. கணினியில் 54,000 என்று ஏறியிருந்தது. அந்த வாரம் சனி, ஞாயிறும் கிளை திறந்திருந்தது. அவனை இரு என்று நான் ஒரு நாளும் சொல்லவில்லை, அவனும் நேரம் பார்க்கவில்லை.

*

பதில்: நான் உங்கள் கதையில் வரும் பையனின் செட். 2013-ல் பி.ஓ.வாக, அதாவது பயிற்சி அதிகாரியாகச் சேர்ந்தேன், பெண். மேலாளரானதும் என் கிளையில் ஐம்பத்தேழு வயது ஹெட் கேஷியர் ஒருவர். என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். கோபப்படவில்லை. கேபினுக்குள் பாப்பா, வாடிக்கையாளர் முன்னால் மேடம் என்று நேரடியாகக் கேட்டுக்கொண்டேன். சரி என்றார், கடைசி நாள் வரை மாறவில்லை. எனக்குக் கஷ்டமாக இருந்தது இப்போது வந்த பிள்ளைகளிடம்தான். "நாளை லீவு எடுக்கிறேன் மேடம்" என்று இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி. கேட்கிற தொனியே இல்லை. பொரிந்து தள்ள இருந்தேன். அதற்கு முன் குரூப்பைப் பார்த்தால், நான் அதே இரவு ஒன்பதரைக்கு இன்சூரன்ஸ் டார்கெட் கேட்டு மெசேஜ் போட்டிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமைகூடப் போட்டிருக்கிறேன். இப்போது மாலை ஏழுக்கு மேல் நான் எதுவும் அனுப்புவதில்லை. லீவு விஷயத்தை அவர்கள் ஐந்து மணிக்குள் நேரில் வந்து கேட்கிறார்கள்.

*

மேலே எழுதியவன்தான். அந்தக் கேபின் ஏற்பாடு நன்றாக இருக்கிறது அம்மா, எனக்கு அன்று இது தோன்றவில்லை. அந்தப் பையன் இப்போது மகாராஷ்டிராவில் அதிகாரி. போன மாதம் ஒரு நாள் இரவு ஏழரைக்குப் போன் பண்ணினான். "சார், புதுசா வந்த பொண்ணுக்கு 2,700 உதைக்குது. வகுபடுது சார்" என்றான். சலானைத் தேடு, போனை வைத்துவிடுகிறேன் என்றேன். அரை மணியில் மெசேஜ் வந்தது: கிடைத்துவிட்டது, 4,100-ஐ 1,400 என்று போட்டிருக்கிறாள்.