புதுப்பிப்பு: தள்ளிப்போட்ட வருமான வரித் தாக்கல் முடிந்தது

வரிக் கணக்கு என்று நினைத்தாலே எழுந்து பாத்திரம் தேய்க்கப் போய்விடுகிறேன், என்ன வழி என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. தாக்கல் பண்ணியாச்சு.

கைகொடுத்தது, "இன்னிக்குத் தாக்கல் பண்ணாதீங்க, ஏஐஎஸ்ஸை மட்டும் இறக்கிட்டு மூடிடுங்க" என்ற யோசனை. ஏஐஎஸ் என்பது நம் வருமான விவரங்களை வரித்துறையே தன் இணையதளத்தில் தொகுத்து வைத்திருக்கும் அறிக்கை. திறந்தால் சம்பளம், பிடித்தம் செய்த வரி, சேமிப்புக் கணக்கு வட்டி எல்லாம் அதிலேயே கிடந்தன. நான் பயந்த கூட்டல் கழித்தல் வேலையே பெரும்பாலும் இல்லை. மூட மனசு வராமல் படிவம் 16-ஐ (அலுவலகம் தரும் சம்பள, வரிப்பிடித்தச் சான்று) எடுத்து ஒப்பிட உட்கார்ந்துவிட்டேன். அலாரம் வைத்து உட்காரச் சொன்ன யோசனை சரிப்படவில்லை. விரல் தானாக அணைத்துவிடுகிறது.

எதிர்பாராதது ஒன்று. படிவத்தைச் சமர்ப்பித்ததும் வேலை முடியாது. 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி போன்ற ஏதாவது ஒரு வழியில் சரிபார்க்க வேண்டும். தாண்டினால் சரிபார்த்த தேதியே தாக்கல் தேதி. கெடு (சம்பளக்காரர்களுக்கு வழக்கமாக ஜூலை 31) அதற்குள் போயிருந்தால் 5,000 ரூபாய் வரை தாமதக் கட்டணம். மொத்த வருமானம் 5 லட்சத்தைத் தாண்டாவிட்டால் 1,000. என்னைப் போன்றவர்கள் 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விடுவது சரியாக இந்த இடத்தில்தான். ஓடிபி வந்த கையோடு போட்டுவிடுங்கள்.

ரீஃபண்ட் வரவேண்டியவர்கள் வங்கிக் கணக்கையும் அதே வரித்துறைத் தளத்தில் முன்கூட்டியே சரிபார்த்து வையுங்கள்.