கோல்ஃப் மட்டையைப் பிடிக்கும் முறை: உங்களுக்கு யார் கற்றுத் தந்தார்கள்?

முத்தியால்பேட்டை, புதுச்சேரி

எனக்கு இதைக் கற்றுத் தந்தவர், சென்னை கிண்டி கோல்ஃப் திடலில் நெடுங்காலம் ஆட்டக்காரர்களின் மட்டைப் பையைச் சுமக்கும் உதவியாளராக (caddie) இருந்துவிட்டு, ஓய்வுக்காலத்தில் மகள் வீட்டோடு எங்கள் தெருவில் குடியேறிய ஒரு பெரியவர். நாங்கள் சிலர் மொட்டைமாடியில் வலை கட்டிப் பழகுவதைக் கேள்விப்பட்டு அவராகவே படியேறி வந்தார். பந்தைத் தொடவே விடாமல், "மொதல்ல மட்டையைப் புடிங்க தம்பி, கையைப் பார்ப்போம்" என்றார்.

எங்களுள் ஒரு மாணவர் பள்ளி நாளிலிருந்தே கிரிக்கெட் ஆடியவர். அவருடைய இடக்கையில் கைப்பிடி உள்ளங்கையின் குறுக்கே கிடந்தது. வலக்கையோ மட்டைக்கு அடியில் புரண்டிருந்தது. பெரியவர் அவரைக் குறை கூறவில்லை. இடக்கை ஆள்காட்டி விரலை மட்டும் கொக்கிபோல் மடக்கி அதில் மட்டையைத் தாங்கச் செய்து, உள்ளங்கையின் அடிமேட்டைக் கைப்பிடியின் மேல் அழுத்தி வைத்து, மற்ற விரல்களை விடுவிக்கச் சொன்னார். மட்டை அப்படியே நின்றது. அதையே உள்ளங்கைக்கு நடுவில் வைத்துச் செய்து பார்த்தபோது நழுவிச் சரிந்தது. பிடி விரல்களுக்கு உரியது என்பதை அந்தச் சோதனை காட்டிய அளவுக்கு வேறெந்த விளக்கமும் எனக்குத் தெளிவாகக் காட்டியதில்லை.

வலக்கைப் பழக்கமுள்ளவர்களுக்கு அவர் சொன்ன வரிசையை இங்கே எழுதுகிறேன். மட்டையின் முகத்தை, அதாவது பந்தில் படும் தட்டையான பக்கத்தை, இலக்குக்கு நேராகத் தரையில் வைத்த பிறகுதான் கை போக வேண்டும். கைப்பிடியின் நுனி கொஞ்சம் வெளியே தெரிய வேண்டும். இடக்கையில் அது சுண்டுவிரலின் அடியிலிருந்து ஆள்காட்டி விரலின் நடுக்கணு வரை சாய்வாகச் செல்ல, கட்டைவிரல் நடுக்கோட்டுக்குச் சற்றே வலப்புறம் அமர வேண்டும்; குனிந்து பார்த்தால் இடக்கையின் இரண்டு விரல்முட்டிகளாவது கண்ணில் பட வேண்டும். பின்னர் வலக்கையின் உள்ளங்கைப் பள்ளம் இடக்கைக் கட்டைவிரலை மூடிக்கொள்ள, வலக்கையின் நடுவிரலும் மோதிரவிரலும் மட்டையைத் தாங்கும். இரு கைகளிலும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே விழும் கோடு, முகவாய்க்கும் வலத்தோளுக்கும் நடுவே நோக்கியிருக்க வேண்டும்.

கைகள் அளவுக்கு மீறி வலப்புறம் திரும்பியிருந்தால், அடிபடும் நொடியில் மட்டையின் முகம் மூடிக்கொண்டு பந்து இடப்புறம் வளையும். இடப்புறம் திரும்பியிருந்தால் முகம் திறந்து பந்து வலப்புறம் விலகும். அந்த மாணவரின் பந்து ஓயாமல் வலையின் இடப்பக்கத்தையே தாக்கியதால் அவர் தோளையும் இடுப்பையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். வலக்கையை மேலே கொண்டுவந்ததும் பந்தின் போக்கு நேரானது. வீச்சைத் திருத்துவதற்கு முன் கையைப் பார்க்காத பயிற்சியாளரிடம் செலவிடும் காலம் வீண் என்றே நான் உறுதியாகக் கருதுகிறேன்.

இறுக்கம் பற்றியும் அவர் கண்டிப்பாக இருந்தார். இடக்கையின் கடைசி மூன்று விரல்கள் உறுதியாக இருக்கலாம். முன்கை நரம்பு புடைக்கும் அளவுக்குப் பிடித்தால் மணிக்கட்டு மடங்காது, மட்டை வேகம் எடுக்காது.

மஞ்சக்குப்பம், கடலூர்

ஐயா, இரு கைகளையும் எப்படி இணைப்பது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன், ஏனெனில் என் அனுபவம் முழுவதும் அதைப் பற்றியதுதான்.

வலக்கைச் சுண்டுவிரலை இடக்கையின் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடைப்பட்ட பள்ளத்தின் மேல் படிய வைப்பதை வார்டன் பிடி என்பார்கள். 1896 முதல் 1914 வரை ஆறு முறை பிரிட்டிஷ் ஓப்பன் என்னும் பெரிய கோல்ஃப் போட்டியில் பட்டம் வென்ற ஜெர்சித் தீவுக்காரரான ஹாரி வார்டன் அதைப் பரப்பினார். ஸ்காட்லாந்தின் ஜானி லெய்ட்லே அவருக்கு முன்பே அப்படிப் பிடித்தவர். என் அக்காள் மகளுக்குக் கை சிறியது, அந்தப் பிடியில் அவளுடைய சுண்டுவிரல் நழுவிக்கொண்டே இருந்தது. கொடைக்கானலில் அவளைப் பார்த்த பயிற்சியாளர், வலக்கைச் சுண்டுவிரலையும் இடக்கை ஆள்காட்டி விரலையும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளச் சொன்னார். புகழ்பெற்ற கோல்ஃப் வீரர்களான ஜாக் நிக்லஸும் டைகர் வுட்ஸும் கோத்துப் பிடித்தவர்களே என்று அறிந்ததும் அவளுக்குத் தயக்கம் போய்விட்டது.

எனக்கோ விரல் மூட்டுகளில் வாதம். கோத்தால் வலிக்கிறது, மேலே படிய வைத்தாலும் வலிக்கிறது. அதே பயிற்சியாளர் என்னைப் பத்து விரல்களும் கைப்பிடியில் படும்படி, கைகளுக்கிடையே இடைவெளி விடாமல் பிடிக்கச் சொன்னதோடு, பருமனான கைப்பிடி மாட்டிக்கொள்ளவும் சொன்னார். பத்து விரல் பிடி குழந்தைகளுக்கானது என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை; 1959 பிஜிஏ சாம்பியன்ஷிப் என்னும் பெரிய கோல்ஃப் போட்டியை பாப் ராஸ்பர்க் அந்தப் பிடியோடுதான் வென்றார்.

கோரிமேடு, புதுச்சேரி

நம் ஊர் வியர்வையையும் கடல் ஈரக்காற்றையும் யாரும் குறிப்பிடவில்லை. பிடி வழுக்கினால் கை தானாகவே இறுகும், அப்போது மேலே சொன்ன எதுவும் நிற்காது. நூல் கலந்த ரப்பர் கைப்பிடி ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும். வெதுவெதுப்பான நீரில் சிறிது சோப்பு கலந்து கைப்பிடியைக் கழுவித் துடைத்தால் பழைய பற்று பெருமளவு திரும்பும். இடக்கைக்கு ஒரு கையுறை போதும், மாற்றிக்கொள்ள இன்னொன்று பையில் இருக்கட்டும். கத்திரி வெயிலில் மட்டைகளைக் காரின் டிக்கியிலேயே விட்டுவைத்தால் ரப்பர் இறுகிப் பளபளப்பாகிவிடும். அந்த நிலைக்கு வந்த கைப்பிடியைக் கழுவிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.