ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக்: ஸ்லிப்-ஆன் சைலன்சர் போட்டால் கீழ் டார்க் போகுமா?

தேனிக்காரன்411:
வேறொரு குழுவில் ஒருவர் எழுதியிருக்கிறார்: “ஸ்டாக் (கம்பெனி) சைலன்சரைக் கழற்றிவிட்டு ஸ்லிப்-ஆன் (கடைசி டப்பாவுக்கு மட்டும் மாற்று) மாட்டினேன். 3 பிஎச்பி கூடிவிட்டது, மைலேஜும் கூடிவிட்டது.” வண்டியே 24.3 பிஎச்பிதான் ஐயா! பேக் பிரஷர் (புகையை சைலன்சர் தடுக்கும் எதிர் அழுத்தம்) போனால் கீழ் டார்க், அதாவது இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது இழுக்கும் விசை, செத்துவிடும். டூரிங் வண்டிக்கு அதுதானே உயிர்?

ஓசூர்_ஸ்பேனர்:
3 பிஎச்பி கதைதான். ஆனால் “பேக் பிரஷர் வேண்டும்” என்பது அதைவிடப் பெரிய கதை. எந்த இன்ஜினுக்கும் பேக் பிரஷர் தேவையில்லை, புகை வெளியேறும் வேகம்தான் தேவை. வேகமாகப் போகிற புகை தன் பின்னால் அழுத்தத்தைக் குறைத்து, சிலிண்டரில் மிச்சமிருப்பதையும் இழுத்துக்கொண்டு போகும். பைப் அகலமானால் வேகம் குறைந்து டார்க் விழும். அதற்குப் பெயர்தான் “பேக் பிரஷர் போச்சு” என்று எவனோ கிளப்பிவிட்டான்.

தேனிக்காரன்411:
ஆக, டார்க் விழும். நான் சொன்னதும் அதுதானே?

ஓசூர்_ஸ்பேனர்:
அது இல்லை. ஸ்லிப்-ஆனில் ஹெடர் (இன்ஜினிலிருந்து வரும் முன் பைப்) மாறாது. புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் ஹெடர் பக்கமே உட்கார்ந்திருக்கிறது. கடைசி டப்பாவை மட்டும் மாற்றினால் வேகம் எங்கே குறையும்? இந்த வண்டியின் 32 என்எம் டார்க் வருவது 86 மி.மீ. ஸ்ட்ரோக்கிலிருந்தும் (பிஸ்டன் நகரும் தூரம்) கேம் டைமிங்கிலிருந்தும் (வால்வுகள் திறந்து மூடும் நேரம்). சைலன்சரிலிருந்து இல்லை.

தேனிக்காரன்411:
சைலன்சரில் ஒன்றுமே இல்லை என்றால் அதற்கு ஏன் அவ்வளவு காசு? டைனோ (இன்ஜின் சக்தியை அளக்கும் மெஷின்) சீட்டு இருந்தால் போடுங்கள், பேசுவோம்.

வளைவு70:
டைனோ கிடக்கட்டும். டிபி கில்லரை (சத்தம் குறைக்கும் செருகி) கழற்றிவிட்டு ஊரையே எழுப்பிக்கொண்டு கொல்லிமலை ஏறுகிறவர்களுக்கு யார் சீட்டு கொடுப்பது? மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-இல் முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதம். லைசென்ஸும் 3 மாதம் போகும். சத்தம் நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் இனிக்கும், அப்புறம் தலைவலி. என் நண்பன் ஸ்லிப்-ஆன் மாட்டியபோது ஹீட் ஷீல்டைக் கழற்றிப் போட்டான். சேடில் பையின் அடித்துணி உருகி பைப்பில் ஒட்டிக்கொண்டது. இப்போதும் சூடானால் பிளாஸ்டிக் வாசம் வருகிறது.

ஓசூர்_ஸ்பேனர்:
பை கட்டத் தெரியாததற்கு பைப் என்ன செய்யும்?

லடாக்_ரிடர்ன்:
எல்லாரும் ட்யூனிங்கை விட்டுவிட்டீர்கள். சைலன்சர் மாற்றினால் பிக்கிபேக் இசியூ (பெட்ரோல் அளவைத் திருத்தும் கூடுதல் டப்பா) கட்டாயம். இல்லாவிட்டால் லீன் ஆகி, அதாவது பெட்ரோல் குறைந்து காற்று கூடி, ஆக்ஸிலரேட்டரை விட்டதும் பட் பட் என்று வெடிக்கும். லடாக்கில் 18,380 அடி உயர கர்துங் லா கணவாயில் என் வண்டி திணறாமல் ஏறியது அதனால்தான்.

ஓசூர்_ஸ்பேனர்:
கர்துங் லா 17,582 அடி. அங்கே உயரம் எழுதி வைத்த போர்டைப் படம் எடுத்தால் போதாது, ஜிபிஎஸ்ஸையும் பார்க்க வேண்டும். அங்கே காற்றழுத்தமே ஏறக்குறைய பாதிதான். அதற்கேற்ப பெட்ரோலைக் குறைக்க ஸ்டாக் இசியூவிலேயே மேப் சென்சார் (காற்றழுத்தத்தை அளப்பது) இருக்கிறது. உங்கள் பிக்கிபேக் டப்பா என்ன செய்ததாம்? சீரான ஓட்டத்தில் ஓ2 சென்சார் காற்று-பெட்ரோல் விகிதத்தை 14.7-க்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும். முழு த்ராட்டிலில்தான் பெட்ரோல் அட்டவணையில் திருத்தம் வேண்டும். டூரிங்கில் யார் நாள் முழுக்க முழு த்ராட்டிலில் போகிறார்கள்?

லடாக்_ரிடர்ன்:
பிஆர்ஓ (எல்லைச் சாலை அமைப்பு) வைத்த போர்டு பொய், நீங்கள் உண்மையா?

தேனிக்காரன்411:
விடுங்கள் ப்ரோ. செயினுக்கு எதைப் போடுவது என்ற திரியில் “ஸ்ப்ரே வேண்டாம், 90 கியர் ஆயிலே போதும்” என்று எல்லாரையும் குழப்பியவரும் இவர்தான்.

ஓசூர்_ஸ்பேனர்:
அந்தச் செயின் இன்னும் ஓடுகிறது தம்பி. உங்கள் ஸ்ப்ரே செயின் எப்படி இருக்கிறது? மணல் சாப்பிட்டுக் கறுத்துவிட்டதா?

தேனிக்காரன்411:
பேச்சை மாற்றாதீர்கள். பேக் பிரஷர் இல்லாமல் டார்க் இல்லை. 15 வருஷம் கடை வைத்திருக்கிற எங்கள் மெக்கானிக்கே சொல்கிறார்.

ஓசூர்_ஸ்பேனர்:
அவர் 2 ஸ்ட்ரோக் காலத்தில் கற்றதைச் சொல்கிறார். 2 ஸ்ட்ரோக் யமஹா ஆர்எக்ஸ் 100-இல் எக்ஸ்பான்ஷன் சேம்பரின் (சைலன்சரின் அகன்ற பகுதி) எதிர் அலைதான் வெளியேறும் பெட்ரோலைத் திருப்பித் தள்ளும், அதைப் போய் பேக் பிரஷர் என்கிறார்கள். 4 ஸ்ட்ரோக்கில் வால்வு இருக்கிறது. மறுபடியும் சொல்கிறேன்: தேவை வேகம், அழுத்தம் இல்லை. ஸ்லிப்-ஆன் போட ஒரே நியாயம் எடை. ஸ்டாக் சைலன்சரைக் கழற்றி ஒரு கையில் தூக்கிப் பாருங்கள்.

வளைவு70:
199 கிலோ வண்டியில் அந்த எடையைக் குறைத்துவிட்டு, இரண்டு ஜெர்ரி கேனும் டாப் பாக்ஸும் ஏற்றுவீர்கள். சபாஷ்.

லடாக்_ரிடர்ன்:
போர்டு பற்றி இன்னும் பதில் வரவில்லை.

ஓசூர்_ஸ்பேனர்:
5,359 மீட்டர். நீங்களே அடியாக மாற்றிக்கொள்ளுங்கள். தேனிக்காரரே, டைனோ சீட்டு கேட்டீர்களே, பேக் பிரஷரால் டார்க் கூடுகிற சீட்டு ஒன்றை முதலில் நீங்கள் போடுங்கள்.