பக்கவாதத்திற்கு முதலில் சீரி (CT) ஸ்கேன் ஏன்?

வெள்ளவத்தை வாசகி: அம்மாவுக்குத் திடீரென வலக்கை சோர்ந்து பேச்சுக் குழறியது. கொழும்பில் எம்.ஆர்.ஐ. வசதியுள்ள வைத்தியசாலையிலேயே சீரி ஸ்கேன் மட்டும் எடுத்து, அதில் ஒன்றும் தெரியவில்லை என்று கூறியபின், இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை ஏற்றினார்கள். இது எவ்வாறு சரியாகும்?

கதிரியக்க வைத்தியர்: சீரி ஸ்கேனில் முதலில் தேடப்படுவது மூளையின் இரத்தக்கசிவே. புதிதாகக் கசிந்த இரத்தம் அப்படத்தில் வெண்மையாகத் தெரியும். இரத்தக்கட்டியால் ஏற்படும் அடைப்பின் பாதிப்போ முதல் சில மணித்தியாலங்களில் பெரும்பாலும் புலப்படாது. கசிவிருந்தால் அம்மருந்து உயிருக்கே உலை வைத்துவிடும். எம்.ஆர்.ஐ. அடைப்பை முன்னதாகவே காட்டுமெனினும், அதற்குக் கூடுதல் நேரம் செல்லும்.

தெகிவளை வாசகர்: அம்மருந்தை வழக்கமாக 4.5 மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டுமென்பதால், நோயாளி கடைசியாக நலமாயிருந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள், அக்கா.

வெள்ளவத்தை வாசகி: மிக்க நன்றி, டொக்டர். இப்போதுதான் விளங்குகிறது.