பூட்டனா, பங்காளியா?

லயத்துக்காரன்: நேற்று நம் சுங்கை சிப்புட் மண்டபத்தில் ஒருவர் பேசினார். குளத்திலும் கடலிலும் நீந்தும் ஒற்றைச் செல் கோயனோஃபிளாஜெல்லேட்தான் எல்லா விலங்குக்கும் பூட்டனாம். கேட்டதிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. இன்றைக்கும் உயிரோடு நீந்துவது எனக்கு எப்படிப் பூட்டனாகும்? பங்காளி என்று சொல்லட்டும். 60 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு ஒரே வீட்டிலிருந்து பிரிந்தவர்கள் நாம்.

பயோலஜி அக்கா: தம்பி, முதலில் அந்தச் செல்லைப் பாருங்கள். ஒரே ஒரு வால், அதைச் சுற்றி மெல்லிய இழைகளால் ஆன காலர். வால் அடிக்க அடிக்கத் தண்ணீர் இழுபட்டு, பாக்டீரியா காலரில் சிக்கும். கடற்பஞ்சுக்குள் இருக்கும் காலர் செல்லும் பார்வைக்குக் கிட்டத்தட்ட அதே மாதிரிதான். 1860-களிலேயே ஜேம்ஸ்-கிளார்க் என்ற அமெரிக்க இயற்கை ஆய்வாளர் இதைக் கவனித்துவிட்டார்.

லயத்துக்காரன்: மறுபடியும் காலரா? 2019-ல் வந்த ஆய்வில், கடற்பஞ்சின் காலர் செல்லில் இயங்கும் மரபணுக்கள் கோயனோவோடு ஒத்துப்போகவில்லை. உருவம் ஒன்றாக இருந்தால் உறவாகிவிடுமா?

பயோலஜி அக்கா: உறவே இல்லை என்று அந்த ஆய்வு எங்கே சொன்னது? 2008-ல் மோனோசைகா ப்ரெவிகோலிஸ் என்ற கோயனோ இனத்தின் மரபணுத் தொகுதியைப் படித்தார்கள். சுமார் 9,200 மரபணு. நம் உடம்பில் செல்லோடு செல்லை ஒட்டவைக்கும் கேடரின் என்ற புரதத்துக்கான மரபணு அதிலும் இருக்கிறது. தனியாக வாழும் செல்லுக்கு அது எதற்கு? யோசியுங்கள்.

லயத்துக்காரன்: ஒட்டும் பசை இருந்தால் பூட்டனா? நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை.

கடைத்தெரு மணி: அண்ணே, விலங்குக் குடும்பத்தில் முதலில் கிளை பிரிந்தது கடற்பஞ்சே இல்லை, சீப்பு ஜெல்லி என்ற கடல் உயிரி. 2023 குரோமோசோம் ஆய்வு அதைத்தான் சொல்கிறது.

லயத்துக்காரன்: மணி, இங்கே சீப்பை யார் கேட்டது? போன வருஷம் திருவிழாக் கணக்கு கேட்டபோதும் இப்படித்தான் பேச்சைத் திருப்பினீர்கள்.

கடைத்தெரு மணி: கணக்கு ரசீதோடு கொடுத்தாகிவிட்டது. படிக்காதது உங்கள் குறை.

பயோலஜி அக்கா: கணக்கை அப்புறம் பாருங்கள். சால்பிங்கோயிகா ரொசெட்டா என்ற இன்னொரு கோயனோ பக்கத்தில் ஒரு வகை பாக்டீரியா இருந்தால், அந்தக் கோயனோ செல் பிரியும்போது விலகாமல் ஒட்டிக்கொண்டு பூங்கொத்தாக நிற்கும். ஒற்றைச் செல் கூட்டமாவதை இன்றைக்கே பார்க்கலாம்!

லயத்துக்காரன்: பார்க்கலாம், சரி. ஆனால் அந்தக் கூட்டம் விலங்கு இல்லையே. நம் முன்னோனும் அப்படித்தான் கூடினான் என்பதற்கு என்ன சாட்சி? செம்பனைக் காட்டுப் பள்ளத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் வையுங்கள். நீந்துவது பூட்டனா, பங்காளியா? ஒரே சொல்லில் பதில் சொல்லுங்கள்.

பயோலஜி அக்கா: காலரைப் பார்த்துவிட்டு வாருங்கள், பேசலாம்.

லயத்துக்காரன்: பூட்டனா, பங்காளியா? மணி, அந்த ரசீதையும் இங்கேயே போடுங்கள்.