பௌதிகவியலைத் தொட்டுப் படித்தல்: வன்னியிலிருந்து சில அனுபவப் பகிர்வுகள்

கிளிநொச்சியிலிருந்து ஓர் ஆசிரியை

இலங்கையின் க.பொ.த. உயர்தரப் பௌதிகவியலுக்குச் செய்முறைப் பரீட்சை என்று தனியாக ஒன்று இப்போது நடைபெறுவதில்லை. இரண்டாம் வினாத்தாளின் முதற்பகுதியில் வரும் நான்கு அமைப்புக் கட்டுரை வினாக்களே பெரும்பாலும் அந்த வேலையைச் செய்கின்றன. ஆகவே உபகரணத்தைத் தொடாமலே செய்முறையைப் பாடமாக்கி எழுதிவிடலாம் என்ற நம்பிக்கை மாணவரிடம் மட்டுமன்றிப் பெற்றோரிடமும், ஏன், சில ஆசிரியர்களிடமும்கூட இருக்கிறது. ஆய்வுகூடம் இருந்தும் உபகரணம் போதாத பாடசாலைகளும், உபகரணம் இருந்தும் பாடத்துக்கு ஆசிரியர் இல்லாத பாடசாலைகளும் எங்கள் பக்கத்தில் உள்ளபடியால், அந்த நம்பிக்கை எல்லோருக்கும் வசதியாகவும் போய்விட்டது.

எனது அனுபவம் இதற்கு மாறானது. எளிய ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு ஆர்முடுகலைத் துணியும் பரிசோதனையை எடுத்துக்கொள்கிறேன். நூலைப் பிளந்த தக்கையின் இரு பாதிகளுக்கிடையே இறுக்குவது ஏன், குறிகாட்டியை ஊசலின் ஓய்வுநிலைக்கு நேரே வைப்பது ஏன் என்று கேட்டால், புள்ளித்திட்டத்தில் உள்ள விடையை எல்லாப் பிள்ளைகளும் ஒப்புவிப்பார்கள். வினாவைச் சற்றுத் திருப்பி, குண்டின் ஆரையைச் சேர்க்காமல் நூலின் நீளத்தை மட்டும் அளந்து, அலைவுகாலத்தின் வர்க்கத்துக்கு எதிராக வரைபு வரைந்தால் என்ன நேரும் என்று கேட்டால் வகுப்பில் சத்தம் இருக்காது. கையால் செய்து பார்த்த பிள்ளைதான், கோடு உற்பத்தியினூடாக (அச்சுகள் வெட்டும் பூச்சியப் புள்ளியினூடாக) செல்லாது, ஒரு வெட்டுத்துண்டு கிடைக்கும், ஆனால் படித்திறன் (கோட்டின் சாய்வு) மாறாதபடியால் இறுதி விடைக்குக் குறை வராது என்று சொல்லும்.

சோளகக் காற்று வீசும் மாதங்களில் எங்கள் அரைச்சுவர் வகுப்பறையில் ஊசல் ஒரே தளத்தில் ஆடுவதில்லை. ஆட்டிவிட்ட சிறிது நேரத்திலேயே நீள்வட்டமாகச் சுழலத் தொடங்கிவிடும். அலைவு ஒரே நிலைக்குத்துத் தளத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை அந்த நாட்களில் நான் விளக்குவதே இல்லை. பிள்ளைகள் தாங்களாகவே மேசையைக் காற்றுப் படாத மூலைக்கு நகர்த்திவிடுவார்கள்.

என்னைக் கவலைப்படுத்தும் விடயம் வேறொன்று. வன்னியின் அகலாங்கில் புவியீர்ப்பு ஆர்முடுகல் ஏறக்குறைய 9.78 மீற்றர் செக்கன் வர்க்கத்துக்கு என்பதே உண்மையான பெறுமானம். நேர்மையாக அளந்து 9.76 என்று பெற்ற பிள்ளை, புத்தகத்தில் 9.81 என்று இருப்பதைக் கண்டு தன் வாசிப்புகளை அழித்துத் திருத்துவதை அடிக்கடி காண்கிறேன். இதை எவ்வாறு தடுக்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

அறிவியல்நகரில் பொறியியல் படிக்கும் மாணவர்

ரீச்சர் எழுதியதை முழுமையாக ஏற்கிறேன். ஆயினும் கணினி உருவகப்படுத்தல்களைப் பற்றியும் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனெனில் என்னைப் போன்று தனியாக இருந்து படித்தவர்களுக்கு அவை பெரிய துணையாக இருந்தன. நோபல் பரிசு பெற்ற பௌதிகவியலாளர் கார்ல் வீமன் 2002 இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பெட் (PhET) திட்டத்தின் உருவகப்படுத்தல்கள் இலவசமானவை. ஒரு தடவை தரவிறக்கி வைத்துக்கொண்டால் இணைய இணைப்பு இல்லாமலும் அவை இயங்கும் என்பது, சிக்னல் தேடி வீதிக்கு வர வேண்டிய வீடுகளில் இருப்பவர்களுக்குச் சிறிய விடயம் அன்று.

அவற்றில் மின்சுற்று அமைக்கும் உருவகப்படுத்தலில்தான் நான் அதிகம் மினக்கெட்டிருக்கிறேன். கம்பியினூடாக இலத்திரன்கள் நகர்வதைக் காட்டுவது, ஒரு மின்குமிழைக் கழற்றியவுடன் மற்றையதன் ஒளிர்வு மாறுவதைக் காட்டுவது போன்றவற்றில் எந்த ஆய்வுகூடமும் அதற்கு ஈடாகாது. ஆனால் அங்குள்ள மின்கலத்தின் அகத்தடை (கலத்தின் உள்ளேயே இருக்கும் தடை), நாமாகக் கூட்டாத வரை, பூச்சியமாகவே இருக்கும். எத்தனை மின்குமிழ்களைச் சமாந்தரமாகத் தொடுத்தாலும் அதன் முடிவிட அழுத்தம் அசையாது. அதை மட்டும் பார்த்துப் பழகியவர்களுக்கு அகத்தடை என்பது கணக்கில் வரும் ஓர் எழுத்தாகவே தங்கிவிடுகிறது.

வீட்டில் கிடந்த பழைய ரோச் பற்றரி ஒன்றைப் பல்மானியில் தொடுத்தபோது 1.4 வோல்ற் காட்டியது. 5 ஓம் தடை ஒன்றை அதற்குக் குறுக்கே தொடுத்தவுடன் வாசிப்பு 1.0 வோல்ற்றுக்கு இறங்கியது. அப்படியானால் ஓட்டம் 0.2 அம்பியர், அகத்தினுள் இழந்த அழுத்தம் 0.4 வோல்ற், அகத்தடை 2 ஓம். தடையைத் தொடுத்தபடியே வைத்திருந்தால் வாசிப்பு மேலும் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போகிறது. வாசிப்பு எடுக்கும் நேரத்தில் மட்டும் ஆளியை மூட வேண்டும் என்று புள்ளித்திட்டத்தில் உள்ள வரிக்குக் காரணம் அதுவே. அதன்பின் உருவகப்படுத்தலுக்குத் திரும்பி, மின்கலத்தின் அகத்தடையை 2 ஓமுக்கு நகர்த்தி, கையில் கிடைத்த அதே எண்களைத் திரையில் வரவைத்தேன். உருவகப்படுத்தலை இந்த ஒழுங்கில் பயன்படுத்தினால்தான் பயன் என்பது என் கருத்து.

புதுக்குடியிருப்பைச் சேர்ந்த ஒருவர், இப்போது புலம்பெயர் நாட்டில்

மின்கலத்தைப் பற்றி எழுதியதைப் படித்தபோது எங்கள் காலத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1990களில் வன்னிக்குள் பற்றரி கொண்டுவரத் தடை இருந்தது. வானொலி கேட்பதற்கே சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றிய காலம் அது. எங்கள் பௌதிகவியல் ஆசிரியர் மின்காந்தத் தூண்டல் பாடம் முழுவதையும் அந்த டைனமோவைக் கொண்டே நடத்தி முடித்தார்.

வேகமாகச் சுற்றினால் குமிழ் கூடுதலாக ஒளிரும் என்பது எங்களுக்கு முன்பே தெரியும். அவர் காட்டியது வேறு. குமிழின் கம்பியைக் கழற்றிவிட்டுப் பெடலைச் சுற்றிக் கையை எடுக்கச் செய்தார். சில்லு நெடுநேரம் ஓடியது. கம்பியைப் பூட்டிவிட்டு அதே வேகத்தில் சுற்றிவிட்டால் சில்லு விரைவில் நின்றது. டைனமோவின் தலை இரண்டு தடவையும் ரயரில் ஒரே மாதிரித்தான் உரசிக்கொண்டிருந்தது, ஆகவே உராய்வைக் காரணம் காட்ட முடியாது என்பதையும் எங்கள் வாயாலேயே சொல்லவைத்தார். ஓட்டம் பாயும்போது மட்டும் சில்லை மறிக்கும் அந்த விசைதான் லென்சின் விதி என்றும், குமிழில் ஒளியாகவும் வெப்பமாகவும் வெளிவரும் சக்தி பெடலைச் சுற்றியவரின் கையிலிருந்தே போகிறது என்றும் அவர் சொன்னபோது, சுற்றியவருக்குக் கையில் நோவு இருந்தது. பிற்காலத்தில் வேறு நாட்டில், உபகரணங்கள் நிறைந்த ஆய்வுகூடங்களில் படித்தேன். தூண்டல் பாடத்தில் அதைவிடத் தெளிவான பரிசோதனையை அங்கு நான் காணவில்லை.

வவுனியாவில் தனியார் வகுப்பு நடத்தும் ஆசிரியர்

மேலே எழுதியவர்களை மறுப்பதற்காக இதை எழுதவில்லை, ஆனால் மறுபக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும். முதலாம் வினாத்தாளில் 50 பல்தேர்வு வினாக்களுக்கு இரண்டு மணித்தியாலம், அதாவது ஒரு வினாவுக்கு 2 நிமிடம் 24 செக்கன்தான். இரண்டாம் வினாத்தாளில் நான்கு அமைப்புக் கட்டுரைகளோடு, ஆறு கட்டுரை வினாக்களில் நான்கைத் தெரிந்து எழுதுவதற்கு மூன்று மணித்தியாலம். எந்த நான்கு என்பதை மேலதிக வாசிப்பு நேரமான 10 நிமிடத்துக்குள் தீர்மானிக்காத பிள்ளை, எவ்வளவு பரிசோதனை செய்திருந்தாலும், இடைநடுவில் வினாவை மாற்றி நேரத்தைத் தொலைத்துவிடும். கடந்தகால வினாத்தாள்களை மணிக்கூட்டை வைத்துச் செய்யும் பழக்கத்துக்கு மாற்று எதுவும் கிடையாது.

எனினும் வினாத்தாள் பயிற்சி எங்கே பயனற்றுப் போகிறது என்பதையும் கண்டிருக்கிறேன். பல பிள்ளைகள் வினாவைச் செய்துவிட்டு உடனே புள்ளித்திட்டத்தைத் திறந்து, அங்கே உள்ள வரியைக் கொப்பியில் எழுதி, அதைத் தாங்களே செய்ததாக எண்ணிக்கொள்கிறார்கள். என் வகுப்பில் பிழைத்த ஒவ்வொரு வினாவுக்கும் அருகே காரணத்தை எழுதச் சொல்வேன்: கோட்பாடு விளங்கவில்லையா, அலகு மாற்றத்தில் பிழைத்ததா, வினாவை வாசிப்பதில் அவசரமா. அப்படி எழுதியவற்றைச் சேர்த்துப் பார்த்தால் கோட்பாட்டுப் பிழைகள் பெரும்பாலும் மின்னிலும் வெப்பத்திலும் குவிந்து கிடக்கும். ஆளியை மூடும்போது வோல்ற்றுமானியின் வாசிப்புக்கு என்ன நேரும் என்ற வினாவில் நல்ல பிள்ளைகளும் திணறுகிறார்கள். தம்பி எழுதியது போல ஒரு பழைய பற்றரியில் வாசிப்பு இறங்குவதைக் கண்டவர்களுக்கு அதற்கு அரை நிமிடமும் தேவைப்படாது. ஆகவே நேரம் இல்லை என்று சொல்லும் என்னைப் போன்றவர்களும் அந்த ஒரு பரிசோதனைக்காவது நேரம் ஒதுக்குவது இலாபமே.

முல்லைத்தீவிலிருந்து ஆய்வுகூட உதவியாளர்

சாரீரப்பதன், அதாவது வளியின் ஈரப்பதன் வீதம், காணும் பரிசோதனையைப் பற்றி ஒரு குறிப்பு. துலக்கிய கலோரிமானியில் உள்ள நீருக்குள் ஐஸ் துண்டுகளை இட்டு, வெளிப்பரப்பில் பனி படியும் வெப்பநிலையைக் காண்பதே செய்முறை. கடையிலிருந்து வாங்கிவரும் ஐஸ் பாடசாலைக்கு வந்து சேருமுன் பாதி கரைந்துவிடும் என்பதால் உமிக்குள் வைத்துக் கொண்டுவருகிறோம். துண்டுகளைச் சிறிதாக உடைத்து, ஒன்று கரைந்து முடிந்த பின்னரே அடுத்ததை இட்டுக் கலக்க வேண்டும். பெரிய துண்டை இட்டால் பனி திடீரெனப் படிந்துவிடும், வெப்பமானி காட்டுவதை நம்ப முடியாது. கலோரிமானிக்கும் பார்ப்பவருக்கும் இடையில் கண்ணாடித் தகடு ஏன் என்று கேட்கும் பிள்ளையிடம் தகட்டை எடுத்துவிட்டு அருகில் சென்று பார்க்கச் சொல்வேன். மூச்சுப் பட்ட இடம் மட்டும் முன்கூட்டியே மங்கும். பனி மறையும் வெப்பநிலையையும் எடுத்து இரண்டுக்கும் சராசரி காண மறக்க வேண்டாம்.

மல்லாவியிலிருந்து தரம் 13 மாணவி

ஆசிரியை கேட்ட திருத்தும் பழக்கத்தைப் பற்றி என் அனுபவம் இது. பரிவுக் குழாயால் ஒலியின் வேகத்தைக் காணும் பரிசோதனையை, இசைக்கவை இல்லாதபடியால், 512 ஹேட்ஸ் ஒலியெழுப்பும் போன் செயலியையும் 3 சென்ரிமீற்றர் உள்விட்டமுள்ள பி.வி.சி. குழாயையும் கொண்டு வீட்டிலேயே செய்தேன். தண்ணீர் நிரப்பிய பரலுக்குள் குழாயை அமிழ்த்தி மெல்ல உயர்த்தியபோது, வளிநிரல் 16 சென்ரிமீற்றரளவில் இருக்கையில் முதலாவது பரிவும் (ஒலி திடீரென உரத்துக் கேட்கும் நிலை) 50 சென்ரிமீற்றரளவில் இரண்டாவதும் கேட்டன. செக்கனுக்கு ஏறக்குறைய 349 மீற்றர் என்று விடை வந்தது. வகுப்பில் பலர் 340 வர வேண்டும் என்றார்கள். ஆனால் ஒலியின் வேகம் 0 பாகை செல்சியசில் 331 மீற்றரளவாகவும், ஒவ்வொரு பாகைக்கும் 0.6 மீற்றர் வீதம் கூடுவதாகவும் கொண்டால், 30 பாகையில் 349 தான் சரி. அதனால் எண்ணைத் திருத்தாமல் வெப்பநிலையை அருகில் எழுதிவைத்தேன்.

எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. குழாய் ஒளிபுகாதது. உள்ளே நீர்மட்டம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் வளிநிரலின் நீளத்தை வெளியிலிருந்து அளந்தது சரியா?

கிளிநொச்சியிலிருந்து ஓர் ஆசிரியை

சரிதான், தங்கச்சி. குழாயின் இரு முனைகளும் திறந்திருப்பதால் உள்ளேயும் வெளியேயும் வளிமண்டல அமுக்கமே தாக்குகிறது, ஆகவே இரு நீர்மட்டங்களும் ஒன்றே. குழாயின் மேல் முனையிலிருந்து பரலின் நீர்ப்பரப்பு வரை அளந்தால் போதும். போனை வாயில் ஒட்டி வைத்தால் மட்டும் மேல் முனை பகுதியாக அடைபட்டு முனைத் திருத்தம் (பரிவு குழாயின் வாய்க்குச் சற்று வெளியேயும் நீள்வதால் வளிநிரலின் நீளத்தோடு கூட்ட வேண்டிய சிறு அளவு) மாறிவிடும். ஓரிரு சென்ரிமீற்றர் மேலே பிடியுங்கள். இரண்டு பரிவு நீளங்களின் வித்தியாசத்தை எடுத்து அலைநீளம் கண்டிருப்பீர்கள் என்றால் முனைத் திருத்தம் தானாகவே நீங்கியிருக்கும். முதலாவது நீளத்தை மட்டும் நான்கால் பெருக்கியிருந்தால் 330க்குக் கிட்ட வந்திருக்கும். இரண்டையும் கணித்து, வித்தியாசத்திலிருந்து முனைத் திருத்தத்தையும் கண்டு, அது குழாயின் விட்டத்தின் 0.3 மடங்குக்குக் கிட்ட வருகிறதா என்று பார்த்து எழுதுங்கள்.