ஹப் லாக்கில் இருக்கும்போது தார்ச்சாலையில் ஓட்டலாமா?

பாதிச்சேறு:
என் வண்டி பார்ட் டைம் ஃபோர் வீல் டிரைவ், அதாவது வேண்டும்போது மட்டும் நாலு சக்கரமும் இழுக்கிற ரகம். முன்சக்கரம் இரண்டிலும் கையால் திருப்புகிற ஹப்: குமிழை லாக்கில் வைத்தால் சக்கரம் ஆக்சிலோடு பூட்டிக்கொள்ளும், ஃப்ரீயில் வைத்தால் தனியாக உருளும். நான் போகிற வழியில் கொஞ்ச தூரம் சேறு, கொஞ்ச தூரம் தார், மறுபடி சேறு என்று மாறி மாறி வரும். ஒவ்வொரு முறையும் இறங்கி, மண் அப்பிய குமிழைத் துடைத்துத் திருப்பி, சுற்றிப் போய் அந்தப் பக்கத்தையும் திருப்பி அலுத்துவிட்டது. ஹப் இரண்டையும் லாக்கிலேயே விட்டுவிட்டு, தார் வந்ததும் லீவரை மட்டும் டூ ஹைக்கு (பின்சக்கரம் மட்டும் இழுக்கிற நிலை) தள்ளி ஓட்டினால் ஏதாவது கெடுமா? ட்ரான்ஸ்ஃபர் கேஸே (எஞ்சின் விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கிற பெட்டி) போய்விடும் என்கிறார் ஒருவர். மழைக்காலம் முழுக்க லாக்கில்தான் ஓட்டுகிறேன் என்கிறார் இன்னொருவர்.

கட்டைவண்டி:
போய்விடும் என்றவர் சொன்னதுதான் சரி. லாக் போட்டுத் தாரில் ஓட்டிய வண்டியைக் கிட்டே இருந்து பார்த்திருக்கிறேன். வளைவில் திருப்பினால் ஸ்டியரிங் கல் மாதிரி இறுகும், டயர் கிறீச்சிட்டுத் துள்ளும், நேராக வந்தபிறகும் லீவர் வெளியே வராது. அலுப்பாக இருந்தாலும் இறங்கித் திருப்புங்கள்.

கிரவுன்வீல்:
கட்டைவண்டி சார், நீங்கள் பார்த்தது ஃபோர் ஹையில், அதாவது நாலு சக்கரமும் இழுக்கிற நிலையில், ஓடிய வண்டி. நண்பர் கேட்பது டூ ஹை. ஹப் வேறு, லீவர் வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் இந்தப் பேச்சு முடியவே முடியாது.

ஹப் லாக்கில் இருந்தால் முன்சக்கரம் ஆக்சில் ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றும், அவ்வளவுதான். லீவர் டூ ஹையில் இருக்கிறவரை அந்த ஆக்சிலும், முன் டிஃப்ரன்ஷியலும் (இரண்டு பக்கத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடுகிற பல்சக்கரக் கூட்டு), முன் ப்ரொபல்லர் ஷாஃப்டும் (ட்ரான்ஸ்ஃபர் கேஸையும் டிஃப்ரன்ஷியலையும் இணைக்கிற தண்டு) சக்கரம் இழுத்த இழுப்புக்குச் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். எஞ்சினிலிருந்து அங்கே எந்த விசையும் போகாது. பின்பக்கத்தோடு பிணைப்பு இல்லாததால் முறுக்கு ஏற வழியே இல்லை.

லீவரை ஃபோர் ஹைக்குத் தள்ளினால்தான் வில்லங்கம். பார்ட் டைம் வண்டியில் நடு டிஃப்ரன்ஷியல் கிடையாது. முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும். ஆனால் வளைவில் முன்சக்கரங்கள் எப்போதும் பெரிய வட்டத்தில் போகும். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். வீல்பேஸ் 2.5 மீட்டர், பின் ஆக்சிலின் நடு 6 மீட்டர் ஆரத்தில் திரும்புகிறது என்றால், முன் ஆக்சிலின் நடு 6.5 மீட்டர் ஆரத்தில் போகும். ஒரு கால் வட்டம் திரும்புவதற்குள் முன்பக்கம் ஏறக்குறைய 80 செ.மீ. கூடுதலாக ஓட வேண்டும். 2.2 மீட்டர் சுற்றளவுள்ள டயரில் அது மூன்றில் ஒரு சுற்றுக்கு மேல். ஆக்சில் ரேஷியோ நாலுக்கு ஒன்று (ஷாஃப்ட் நாலு சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று) என்றால் ப்ரொபல்லர் ஷாஃப்டில் கிட்டத்தட்ட ஒன்றரைச் சுற்று! இரண்டு முனையையும் பிடித்து ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி அந்த ஒன்றரைச் சுற்று உள்ளேயே ஏறி நிற்கிறது. சேற்றில் டயர் வழுக்கி அதை விட்டுவிடும். காய்ந்த தாரில் டயர் விடாது. அப்போது ஷாஃப்டோ, அதன் முனையில் மடங்குகிற மூட்டான கிராஸோ, ட்ரான்ஸ்ஃபர் கேஸின் செயினோ ஏதோ ஒன்று விட்டாக வேண்டும்.

ஆகவே கேள்விக்கு பதில்: லாக், டூ ஹை, தார் என்றால் எதுவும் உடையாது.

கட்டைவண்டி:
கணக்கெல்லாம் சரி. ஓட்டுகிறவர் கணக்குப்படி ஓட்டுவாரா? லீவரை எடுக்க மறந்து ஃபோர் ஹையிலேயே தாரில் ஏறுகிறவர்கள் எத்தனை பேர்! ஹப் ஃப்ரீயில் இருந்தால் அந்த மறதிக்குத் தண்டனை கிடையாது. லீவர் எங்கே இருந்தாலும் முன்சக்கரம் தன்பாட்டுக்கு உருளும். லாக்கில் இருந்தால் அந்தக் காப்பு போச்சு.

இன்னொன்று. சும்மா சுற்றுகிறது என்று லேசாகச் சொல்லிவிட்டீர்கள். உங்கள் கணக்கிலேயே போகிறேன்: 2.2 மீட்டர் டயர், நாலுக்கு ஒன்று ரேஷியோ. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் முன் ப்ரொபல்லர் ஷாஃப்ட் நிமிடத்துக்குச் சுமார் 2400 சுற்று சுற்றுகிறது. விசை இல்லாவிட்டாலும் வேகம் இருக்கிறதே. கிரீஸ் பார்க்காமல் விட்ட கிராஸ் ஒன்று அந்த வேகத்தில் பிய்ந்தால் ஷாஃப்ட் கீழே தொங்கி, அடிப்பக்கம் முழுவதையும் அடித்து நொறுக்கும். ஹப் ஃப்ரீ, லீவர் டூ ஹை என்றால் அதே ஷாஃப்ட் அசையாமல் கிடக்கும்.

மழைத்தடம்:
மழைக்காலம் முழுக்க லாக்கில் ஓட்டுகிற கோஷ்டிதான் நானும். காரணம் சோம்பேறித்தனம் மட்டும் இல்லை.

ஹப் ஃப்ரீயில் இருந்தால், சேற்றைப் பார்த்தபிறகு இறங்கித்தான் ஆக வேண்டும். பெரும்பாலும் அப்போது வண்டி ஏற்கெனவே புதைந்திருக்கும். ஹப் தண்ணீருக்கு அடியில் இருக்கும். லாக்கில் இருந்தால் லீவரைத் தள்ளினால் போதும், அதுவும் வழுக்கிக்கொண்டு விழும். ஏனென்றால் முன் ஷாஃப்ட் ஏற்கெனவே பின் ஷாஃப்டின் வேகத்தில்தான் சுற்றுகிறது. ஃப்ரீயில் ஓடிக்கொண்டிருக்கும்போது லீவரைத் தள்ளிப் பாருங்கள், நிற்கிற ஷாஃப்டை அந்த வேகத்துக்கு இழுக்க வேண்டியிருப்பதால் பல வண்டிகளில் கரகரவென்று சத்தம்தான் வரும்.

அப்புறம் எண்ணெய். முன் டிஃப்ரன்ஷியலில் கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரம் சுற்றி வாரி இறைத்தால்தான் மேலே இருக்கிற பேரிங்குக்கு எண்ணெய் போகும். மாதக்கணக்கில் அசையாமல் கிடந்தால் ஈரம் சேரும், துரு பிடிக்கும், ஆயில் சீல் ஒரே இடத்தில் காய்ந்து ஒட்டும். மாதம் ஒருமுறையாவது சுமார் 16 கி.மீ. முன்பக்கத்தைச் சுற்றவிடுங்கள் என்று வண்டியோடு வருகிற கையேடுகளே சொல்கின்றன.

கிரவுன்வீல்:
16 கி.மீ. என்பதை நாலு மாதம் என்று படிக்கக் கூடாது மழைத்தடம் :) மாதத்தில் ஒரு நாள் லாக் போட்டு டூ ஹையில் ஒரு சுற்று போய்வந்தாலே எண்ணெய் விஷயம் முடிந்தது. லீவர் எளிதாக விழும் என்பது மட்டும் உங்கள் பக்கத்தில் கனமான வாதம், அதை ஒப்புக்கொள்கிறேன்.

பழையஜீப்:
ஒரு விஷயத்தை எல்லாரும் விட்டுவிட்டீர்கள். இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ், ஃபோர்டு ஜீப்புகளில் ஃப்ரீ ஹப் என்ற ஒன்றே கிடையாது. சக்கரம் எந்நேரமும் ஆக்சிலோடு பூட்டித்தான் இருந்தது. சேறு, பாலைவனம், கான்கிரீட் ரோடு எல்லாவற்றிலும் இன்றைய பேச்சில் சொன்னால் லாக்கிலேயே ஓடின. போர் முடிந்து அந்த ஜீப்புகள் பொதுமக்கள் கைக்கு வந்தபிறகுதான், 1948-இல் அமெரிக்காவில் வார்ன் கம்பெனி கழற்றிவிடக்கூடிய ஹப்பைச் செய்து விற்க ஆரம்பித்தது. லாக்கில் ஓடினால் வண்டி கெடும் என்றால் அந்த ஜீப்புகள் போரைத் தாண்டி வந்திருக்குமா?

கட்டைவண்டி:
அருமை பழையஜீப், என் வேலையை நீங்களே செய்துவிட்டீர்கள். லாக்கில் ஓடுவது நன்றாக இருந்திருந்தால் அந்த ஹப்பை எதற்குக் காசு கொடுத்து வாங்கினார்கள்? தினமும் ரோட்டில் ஓட்டியவர்களுக்கு உறுமலும் அதிர்வும் தேய்மானமும் பொறுக்கவில்லை, அதனால்தான். பட்டாளத்தில் வண்டியைப் பராமரிக்க ஆள் இருந்தது, எரிபொருள் செலவு ஓட்டுகிறவர் பையிலிருந்து போகவில்லை.

பழையஜீப்:
உறுமல் உண்டு, மறுக்கவில்லை. அதுகூட ஆக்சிலின் ஜாயின்டைப் பொறுத்தது. சாதாரண கிராஸ் ஜாயின்ட் உள்ள ஆக்சிலில் ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பும்போது சக்கரத்தின் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை கூடிக் குறையும். கையில் லேசான உதறலாகத் தெரியும். லேண்ட் க்ரூசர் மாதிரி சி.வி. ஜாயின்ட் (ஒடித்தாலும் வேகம் மாறாத மூட்டு) உள்ளவற்றில் இது இருக்காது. எரிபொருளில் கொஞ்சம் வித்தியாசம் வரும்தான். டயரில் காற்று குறைந்தாலும் அதே மாதிரி வருகிறதே!

பாதிச்சேறு:
எல்லோருக்கும் நன்றி. ஒரு துணைக்கேள்வி. அவசரத்தில் ஒரு பக்கம் மட்டும் லாக் போட்டு, மறுபக்கம் ஃப்ரீயில் விட்டுப் போனால்?

கிரவுன்வீல்:
டூ ஹையில் ஒன்றும் ஆகாது. லாக்கான பக்கத்து ஆக்சில் சுற்றும். டிஃப்ரன்ஷியல் வழியாக மறுபக்கத்து ஆக்சில் உள்ளேயே எதிர்த்திசையில் சுற்றும். ப்ரொபல்லர் ஷாஃப்ட் பெரும்பாலும் நின்றுகொண்டிருக்கும். ஆனால் ஃபோர் ஹை போட்டால் ஏமாற்றம்தான். சாதாரண டிஃப்ரன்ஷியல் எதிர்ப்பு இல்லாத பக்கத்தைத்தான் சுற்றும், அது சக்கரத்தோடு ஒட்டாத வெறும் ஆக்சில். ஃபோர் வீலில் இருக்கிறோம் என்று நம்பிக்கொண்டு பின்சக்கரம் இரண்டில் மட்டும் சேற்றில் இறங்குவீர்கள்.

இதைவிட மோசம் பாதி லாக். குமிழ் லாக் என்ற எழுத்துக்கு நேராக முழுதாக வந்து நிற்க வேண்டும். நடுவில் நின்றால் உள்ளே பற்கள் நுனியில் மட்டும் கவ்வி, விசை வந்ததும் வழுக்கி மழுங்கிப்போகும். திரும்ப மறுத்தால் குறடு போட்டு நெம்ப வேண்டாம். வண்டியை ஒரு சாண் முன்னே பின்னே நகர்த்தினால் பற்கள் நேராகி, டக்கென்று தானே உட்காரும்.

மழைத்தடம்:
ஆட்டோமேட்டிக் ஹப் வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால்: உங்களுக்கு இந்தச் சர்ச்சை பாதிக்கு மேல் பொருந்தாது. பழைய ரகங்களில் ஃபோர் வீலை எடுத்தபிறகு ஓரிரு மீட்டர் ரிவர்ஸ் போனால்தான் ஹப் விடும். அதை மறந்தால் நீங்களும் எங்கள் கோஷ்டிதான்.

பாதிச்சேறு:
இன்று வண்டிக்கு அடியில் படுத்து முன் ப்ரொபல்லர் ஷாஃப்டைப் பிடித்து முறுக்கிப் பார்த்தேன். ட்ரான்ஸ்ஃபர் கேஸ் பக்கத்து கிராஸில் டொக் டொக் என்று ஆட்டம் கேட்கிறது. கப்பைச் சுற்றிச் செம்பழுப்பாகத் துருத்தூள். அதை மாற்றும்வரை இறங்கித் திருப்புவதுதான். மாற்றியபிறகு மழைத்தடம் வழி: சேறு இருக்கிற மாதங்களில் லாக், தாரில் டூ ஹை.

கட்டைவண்டி:
செம்பழுப்புத் தூள் என்றால் உள்ளே கிரீஸ் தீர்ந்து வெகுநாள் ஆகியிருக்கும். அந்த ஷாஃப்டைச் சுற்றவிடாமல் வைத்திருங்கள். கழற்றும் முன் ஃபிளாஞ்சிலும் (ஷாஃப்டை போல்ட் போட்டு மாட்டுகிற தட்டு), ஷாஃப்டின் வழுக்கு இணைப்பின் இரண்டு பக்கத்திலும் பெயின்டால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் இரண்டு முனைக் கிராஸும் ஒரே நேருக்கு வராது. அப்புறம் 70-ஐத் தாண்டியதும் வண்டி அதிர ஆரம்பித்தால், லாக் போட்டதால்தான் என்று இங்கே வந்து எழுதுவீர்கள், அதற்கும் இவர்கள் என்னோடுதான் சண்டைக்கு வருவார்கள்.